ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றால் உடனே சம்மதிக்காதீர்கள்

எங்கள் வீட்டின் பழைய பெட்ரோல் காரில் இன்ஜின் சில நேரங்களில் மட்டும் அளவு மீறிச் சூடானது. அதைச் சரிசெய்வதாகச் சொல்லி, சென்னையில் ஒரு பணிமனை தேவையே இல்லாத வேலைக்கு எங்களிடம் ஏறத்தாழ 30,000 ரூபாய் வாங்கியது. வேறொரு குடும்பம் இதே வழியில் பணத்தை இழந்துவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

எப்போது சூடானது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மெட்ரோ பணிகளால் ஆற்காடு சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது வெப்பத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். வேறு சில நாள்களில் அதே நெரிசலில் ஒன்றும் ஆகாது. ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு வரை விரைந்து சென்றாலோ, உச்சி வெயிலிலும் முள் பாதியைத் தாண்டியதில்லை. இதையெல்லாம் பணிமனையில் தெளிவாகச் சொன்னேன். மேற்பார்வையாளர், செய்ய வேண்டிய வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் ‘ஓவர் ஹீட்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை முதலில் மாற்றினார்கள், பிறகு அதைச் சுற்றி ஓடவைக்கும் வாட்டர் பம்பை. மறுபடியும் சூடாகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், கொதிநிலையில் இருந்த ரேடியேட்டரின் மூடியைத் துணி சுற்றித் திறந்து, பொங்கி வந்த குமிழிகளைக் காட்டி, “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிடும்” என்றார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு. அந்தக் குமிழிகள் அது போனதற்குச் சான்றாகாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. அவ்வளவு சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கேஸ்கெட் நன்றாக இருக்கும் இன்ஜினிலும் அது பொங்கத்தான் செய்யும். முகத்தையும் கையையும் வேகவைத்துவிடக்கூடிய இந்தக் காரியத்தைத் தொழில் தெரிந்தவர்களே செய்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேஸ்கெட் உண்மையில் போயிருந்தால், வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமலேயே கூலன்ட் குறையும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ஆயில் பால் கலந்ததுபோல் வெளுக்கும். இவை எல்லாம் ஒருசேரத் தெரிய வேண்டும் என்றில்லை, எங்கள் காரில் ஒன்றுகூட இல்லை. எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்பதை, ரேடியேட்டர் வாயில் வைக்கும்போது அந்த வாயு இருந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் ஒரு திரவத்தைக் கொண்டு சோதிக்கலாம். அந்தச் சோதனையையோ, அழுத்தச் சோதனையையோ அவர்கள் செய்யவில்லை. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது அவர்களுக்கும் தெரியும்.

ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் செய்ததாக, அதாவது அதன் பரப்பைச் சமப்படுத்தியதாகச் சொன்னார்கள். பழைய கேஸ்கெட்டையும் லேத் ரசீதையும் கேட்டதற்கு, எல்லாம் ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். கையால் எழுதிய ஒரு சீட்டைத் தவிர முறையான பில்லும் தரவில்லை. அதே வாரத்தில் ஆற்காடு சாலையில் முள் மீண்டும் ஏறியது.

புதுப்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். வயதானவர். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, “ஓடும்போது சூடாகுதா, நிக்கும்போதா?” என்று கேட்டார். இவ்வளவு செலவுக்கும் நடுவே இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். இன்ஜினை ஐடிலில் விட்டு ஏசியைப் போடச் சொன்னார். ஏசி போட்டதும் சுழல வேண்டிய ரேடியேட்டர் ஃபேன் அசையாமல் நின்றது. டெஸ்ட் லேம்ப்பை கனெக்டரில் வைத்தார். விளக்கு எரிந்தது, ஆகவே ஃப்யூஸும் ரிலேயும் சரி. பிறகு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் பின்புறம் லேசாக ஒரு தட்டு தட்டினார். ஃபேன் சுழலத் தொடங்கியது.

மோட்டாரைப் பிரித்தபோது, சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகக் கிடந்தது. குலுக்கலில் தொட்டால் ஓடும், தொடாவிட்டால் நிற்கும். சில நாள் மட்டும் சூடானதற்கு இதுவே காரணம். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் ஃபேன் இல்லாத குறை தெரியவில்லை. வேகத்தில் சூடாகியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் என்று தேடுவதில் நியாயம் இருந்திருக்கும். ரேடியேட்டரில் இருந்ததை வடித்தபோது துருநிறத் தண்ணீர் வந்தது. அந்தப் பணிமனையில் கூலன்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். இந்நகரத்து போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படிந்தால் அது தனிச் சேதம்.

புதிய மோட்டார் போட்ட பிறகு வண்டி ஒருமுறைகூடச் சூடாகவில்லை.

இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றும் பாகங்கள் உங்களிடமே வர வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. அந்தச் சீட்டு, ஜாப் கார்டின் படம், தேய்ந்த மோட்டார் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். பணம் திரும்பாவிட்டால் ஆணையத்தில் தாக்கல் செய்வேன்.