முடங்கிய எக்கோ சவுண்டர்: பழுதுபார்ப்பதா, போர்டையே மாற்றுவதா?

தொண்டிப் படகுகளில் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி இணைப்பு கழன்றால், இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் 12 வோல்ட்டைத் தாண்டிப் பல மடங்கு எகிறி, கடலின் ஆழத்தை ஒலியால் அளக்கும் எக்கோ சவுண்டரையும் ஜிபிஎஸ்ஸையும் ஒருசேர முடக்கிவிடக்கூடும். அப்போது, கருவியைத் தேவகோட்டை வழியாகக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து பாகம் பாகமாகப் பழுதுபார்க்கலாம். அல்லது தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்பி உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையை (போர்டை) முழுதாக மாற்றலாம்.

பெரும்பாலும் முதல் வழியே போதும் என்பது என் கருத்து. மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள பாதுகாப்பு டயோடு, பின்னால் இருப்பவற்றைக் காப்பதற்காகத் தானே ஷார்ட் ஆகி ஃபியூஸைப் போக்கியிருக்கும். மல்டிமீட்டரை அதன் முனைகளில் எந்தப் பக்கமாக வைத்தாலும் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஓம் காட்டும். இரண்டையும் மாற்றி, மின்னோட்டத்துக்கு வரம்பு வைத்த பவர் சப்ளையில் மெல்ல ஏற்றிப் பார்த்தால், கருவி உயிர்பெற நல்ல வாய்ப்புண்டு. டயோடை விட்டுவிட்டுப் பெரிய ஃபியூஸைச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. செம்புத் தடம் கருகிவிடும்.

உப்புநீர் புகுந்திருந்தால் கணக்கு மாறும். காய்ச்சி வடித்த நீரிலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் கழுவினாலும், சிப்களின் அடியில் தங்கிய குளோரைடு செம்பைத் தொடர்ந்து அரிக்கக்கூடும். (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே காரைக்குடியில்தான் அரிப்பை ஆராய்கிறது.) பச்சை பூத்த போர்டை, செலவு கூடினாலும், மாற்றிவிடுவதே சரி; விஎச்எஃப் ரேடியோ கருவியென்றால் யோசிக்கவே வேண்டாம், ஆபத்தில் 16ஆம் சேனலில் உதவி கேட்பது அதன் வழியாகத்தான்.

எந்த வழியானாலும், பேட்டரி முனைகளைச் சுத்தம்செய்து இறுக்கி, தனி ஃபியூஸ் போடாமல் கருவியை மீண்டும் இணைக்கலாகாது.