கூகுள் டொக்ஸ்: அடுத்தவர் கதையை வாசித்துக் கருத்துச் சொல்ல எவ்வளவு தூரம் உதவும்?

கொழும்பில் தமிழில் எழுதுகிறவர்கள் "ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று அனுப்பும் கதை பெரும்பாலும் மூன்று வழியில் வந்து சேரும்: வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக, மின்னஞ்சலில் வேர்ட் கோப்பாக, இல்லாவிட்டால் கூகுள் டொக்ஸ் லிங்க்காக. வாசிக்கிறவருக்கு மூன்றாவதே வசதி. ஆனால் அதில் எல்லோரும் முதலில் கை வைக்கிற 'சஜெஸ்டிங்' என்ற திருத்த வசதிதான் எழுதினவரை அதிகம் நோகடிக்கிறது. பக்கத்தில் குறிப்பு எழுதுகிற 'கொமன்ட்' வசதிதான் உண்மையில் வேலைக்கு ஆகிறது. ஐந்துக்கு நான்கு புள்ளி கொடுக்கலாம். குறைகிற ஒன்று தமிழ் எழுத்துகளோடு அது படும் பாட்டுக்காக.

காசு இல்லை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம் தருகிறார்கள். வெறும் எழுத்துக் கோப்புகளுக்கு அது தாராளம்.

லிங்க் கொடுக்கும்போது வாசகருக்கு மூன்று உரிமைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யலாம்: வியூவர் (வாசிக்க மட்டும்), கொமன்டர் (கருத்துச் சொல்ல), எடிட்டர் (நேரே மாற்ற). எப்போதும் கொமன்டர் கொடுங்கள். அந்த உரிமையில் வருகிறவர் எதைத் தட்டினாலும் அது பரிந்துரையாகவே விழும், மூலப்பிரதி கலையாது. எடிட்டர் உரிமை கொடுத்தால் கதையை மாற்றலாம் என்பது மட்டுமல்ல, 'வேர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து நீங்கள் முன்பு எழுதி அழித்த வரிகளையும் வாசிக்கலாம். வீட்டு ஆட்களைப் பற்றி எழுதி, பிறகு மனம் மாறி வெட்டிய பந்தி எல்லாம் அங்கே கிடக்கும். பலருக்கு இது தெரியாது. இன்னொன்று, 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிடாமல் வாசிப்பவரின் மின்னஞ்சல் முகவரியைப் போட்டே பகிருங்கள். திறந்த லிங்க்கில் கணக்குக்குள் நுழையாமல் வருகிறவர் பெயரில்லாமல் கருத்து எழுதிவிட்டுப் போகலாம். பெயர் தெரியாத ஆளின் கண்டிப்பை யாரும் நல்ல மனதோடு எடுத்துக்கொள்வதில்லை.

இனி சஜெஸ்டிங். சொல்லை அழித்தால் குறுக்குக்கோடு விழும், புதிய சொல் வேறு நிறத்தில் வரும், எழுதினவர் ஒவ்வொன்றாகச் சரி அல்லது வேண்டாம் என்று அழுத்தலாம். பார்க்க ஒழுங்குதான். வில்லங்கம் என்னவென்றால், கை பழகியவருக்கு ஒரு பக்கத்தில் அறுபது திருத்தம் செய்யக் கால் மணித்தியாலம் போதும். எழுதினவர் கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க வெட்டுக்காயம். அதில் நாற்பது சந்திப்பிழை, பத்து கமா, மிச்சம் "நானென்றால் இப்படி எழுதுவேன்". கதையின் நடுப்பகுதி தொய்கிறது என்ற ஒரே முக்கியமான விஷயம் எங்குமே சொல்லப்பட்டிராது.

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். முதல் வாசிப்பில் எதையும் தொடாதீர்கள். முடிந்ததும் தலைப்பைத் தெரிவுசெய்து (கணினியில் கொன்ட்ரோல், ஓல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குறிப்புப் பெட்டி வரும்) முழுக் கதைக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: கதை எதைப் பற்றியது என்று நீங்கள் விளங்கிக்கொண்டது இரண்டு வரி, எது நன்றாக வந்திருக்கிறது என்று இடத்தோடு ஒரு வரி, எங்கே உங்கள் கவனம் கழன்றது என்று ஒரு வரி. அந்த முதல் இரண்டு வரியும் மரியாதைக்காக எழுதுவதில்லை. எழுதினவர் நினைத்த கதையும் நீங்கள் வாசித்த கதையும் வேறு வேறு என்றால், அது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாசிப்பில் பக்கக் குறிப்புகள். ஆறேழு போதும். "இது சரியில்லை" என்பது குறிப்பு அல்ல, தீர்ப்பு. "மூன்றாம் பந்தியில் மாமி தேத்தண்ணி ஊற்றுகிறார், ஏழாம் பந்தியில் அவர் செத்து ஒரு வருசம் என்று வருகிறது, இடையில் காலம் மாறியது எனக்குப் பிடிபடவில்லை" என்பது குறிப்பு. எந்த இடம், என்ன நடந்தது, வாசிப்பவருக்கு என்ன ஆனது, மூன்றும் அதில் இருக்கின்றன. எப்படித் திருத்துவது என்பதை எழுதினவரிடமே விடலாம். தகவல் பிழைக்குச் சுற்றி வளைக்கத் தேவையில்லை: "100ஆம் இலக்க பஸ் கோட்டையிலிருந்து காலி வீதியால் பாணந்துறைப் பக்கம் போகிறது. கதாநாயகி அதில் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்க முடியாது" என்று நேரே சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். "கொஞ்சம்", "ஒருவேளை", "என் சிற்றறிவுக்கு" என்று நாலு மெத்தை போட்டு மூடிய கருத்துத்தான் விளங்காமல் போய் ஆளைக் குழப்பும்.

சஜெஸ்டிங் கடைசியில்தான் வரவேண்டும், அதுவும் முதல் பக்கத்துக்கு மட்டும். சந்திப்பிழை என்றால் மூன்று இடத்தில் திருத்தி, அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதிவிடுங்கள்: 'ஐ' உருபுக்குப் பின் வல்லினம் மிகும், 'கதையைப் படித்தாள்'. இதே வகை மற்றப் பக்கங்களிலும் உண்டு என்று சேர்த்தால் மிச்சத்தை அவரே பிடிப்பார். திருத்தும்போது குறில் நெடில் மாற்றம் என்றாலும் முழுச் சொல்லையும் அழித்துப் புதிதாகத் தட்டுங்கள். ஒற்றைக் கொம்பில் விழுந்த குறுக்குக்கோடு போன் திரையில் கண்ணுக்கே தெரியாது.

பேச்சுமொழியில் கை வைக்கவே வேண்டாம். இந்த ஊரில் ஒரே கதைக்குள் யாழ்ப்பாணத்து 'வாறன்', மலையகத்து 'வாரேன்', முஸ்லிம் வீட்டு வாப்பாவும் ராத்தாவும், பஸ் ஹோல்ட்டில் நிற்கிற 'மல்லி'யும் (சிங்களத்தில் தம்பி) வருவார்கள். 'ஹோல்ட்' என்பதை 'நிறுத்தம்' ஆக்கி, 'கதைச்சான்' என்பதைப் 'பேசினான்' ஆக்கிச் சென்னைப் பத்திரிகை நடைக்கு இழுப்பது திருத்தம் இல்லை. ஒரே பாத்திரம் ஒரு இடத்தில் 'வாறன்' என்றும் இன்னோர் இடத்தில் 'வாரேன்' என்றும் சொன்னால் மட்டும் கேளுங்கள்.

தமிழில் இந்த மென்பொருள் சறுக்குகிற இடம் எழுத்துரு. இங்கே இன்னும் பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுகிறார்கள். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரும், ஏனென்றால் பாமினியில் மெய்யின் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி. முதலில் எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் முறைக்கு மாற்றவேண்டும். மாற்றிய பிரதிகளிலும் அடிக்கடி ஒரு பூச்சி ஒளிந்திருக்கும்: 'அவர்' என்பதில் 'ர்' இருக்கவேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து 'அவா்' என்று நிற்கும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தேடினால் அகப்படாது. இதை ஒவ்வொன்றாகக் குறிக்கப் போகாதீர்கள். நூறு திருத்தம் ஆகிவிடும். "'பைன்ட் அன்ட் ரிப்ளேஸ்' வழியாக 'ா்' என்பதை 'ர்' ஆக மாற்றுங்கள்" என்று ஒரே குறிப்பு போதும், எழுதினவர் தன் கணக்கில் அரை நிமிடத்தில் முடிப்பார். இது தட்டச்சுக் கோளாறு, எழுத்துப்பிழை இல்லை என்றும் ஒரு சொல் சேருங்கள்.

போனில் கருத்து எழுதலாம். ஆனால் விரலால் சொல்லைத் தெரிவுசெய்வது தலையிடி. நீளமான கதைக்குக் கணினிதான் சரி. குறிப்பெல்லாம் எழுதி முடிந்த பிறகு வட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினால் எழுத்தில் வராத குரல் இதம் அதில் போய்ச் சேரும். குரல்பதிவு மட்டும் அனுப்புவது பயன்படாது, பத்து நிமிடப் பேச்சில் ஏழாம் பந்தி எங்கே வந்தது என்று தேட யாருக்கும் பொறுமை இல்லை.

உங்கள் குறிப்புக்கு அவர் பதில் எழுதினால் பதிலோடு நிறுத்துங்கள், 'ரிசொல்வ்' பொத்தானை நீங்கள் அழுத்தாதீர்கள். அதை அழுத்தினால் உரையாடல் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். எதை எப்போது மூடுவது என்பது எழுதினவரின் உரிமை. அவர் 'மேக் எ கொப்பி' எடுத்து அடுத்த வரைவைத் தொடங்கும்போது, கருத்துகளையும் சேர்த்துப் படியெடுக்கும் தெரிவு அங்கே உண்டு. புதிய வரைவு சுத்தமாக இருப்பதுதான் நல்லது, பழையதைத் தனியே வைத்திருக்கலாம்.

கவிதைக்கு மட்டும் சஜெஸ்டிங் வேண்டவே வேண்டாம். ஒரு வரியை மேலே இணைத்தால் என்ன மாறியது என்று எழுதினவருக்குப் பார்த்ததும் பிடிபடாது. அந்த இரண்டு வரியையும் குறிப்புப் பெட்டிக்குள் நீங்கள் நினைக்கிற மாதிரி உடைத்து எழுதிக் காட்டிவிட்டு, பிரதியை அப்படியே விடுங்கள்.