இயர் பிளக்: பட்டறையிலும் நீச்சல் குளத்திலும் பல வருடம் போட்டுப் பார்த்ததில்

இரும்பு வேலைப் பட்டறையில் எனக்கு வேலை. பகல் முழுக்க ஆங்கிள் கிரைண்டரும் கட்டிங் மெஷினும் அலறும். காலையில் நீச்சல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, என் காதுக்கு ஒரு பக்கம் சத்தம், மறுபக்கம் தண்ணீர். பல வருடமாக காதுத் துளையை அடைக்கும் விதவிதமான பிளக்குகளையும், காதை முழுக்க மூடும் இயர் மஃபையும் போட்டுப் பழகியதில் எது நிலைத்தது என்று சொல்கிறேன்.

பிளக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பாக்கெட்டில் அச்சிட்ட என்.ஆர்.ஆர். எண்ணைத்தான், அதாவது எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்ற எண்ணைத்தான், பார்க்கிறார்கள். உருட்டிச் செருகும் பஞ்சு போன்ற நல்ல ஃபோம் பிளக்கில் அது 33 வரை இருக்கும். ஆனால் அது ஆய்வகத்தில் அளந்தது. வேலையிடத்தில் அவ்வளவு கிடைக்காது என்பதால், ஃபோம் பிளக்குக்கு அந்த எண்ணில் பாதியைக் கழித்துவிடச் சொன்னது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம். மஃபுக்குக் கால் பங்கு கழித்தால் போதும் என்றது. மஃபைக் காதில் கவிழ்த்தால் வேலை முடிந்தது. ஃபோமைப் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் வளைந்திருக்கும், இழுத்தால்தான் நேராகும். உள்ளே விட்டதும் அரை நிமிடம் விரலை எடுக்காதீர்கள். ஃபோம் விரிந்து அடைக்க அந்த நேரம் வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பொத்தி எடுத்துப் பாருங்கள். சத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. நம் குரலே தலைக்குள் கும்மென்று ஒலிப்பது பலருக்குப் பிடிக்காது, அதனாலேயே பாதியில் கழற்றிவிடுவார்கள். கொஞ்சம் ஆழமாகப் போட்டால் அந்தக் கும்மல் குறைகிறது. எடுக்கும்போது மெல்லத் திருகிக் காற்று புகவிட்டு எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், கணக்கு அப்படி. நயோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபல், 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். கிரைண்டர் சர்வசாதாரணமாக 100-ஐத் தொடும். இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை 8 மணி நேர வேலையில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய மொத்தப் பலன் 12 டெசிபலைத் தாண்டாது. ஆகவே பெரிய எண் போட்ட பிளக்கைவிட, கழற்றத் தோன்றாத பிளக்தான் நல்ல பிளக் என்பது என் தீர்மானம்.

எனக்கு அப்படி அமைந்தது மூன்று அடுக்கு சிலிகான் பிளக், கழுத்தில் தொங்கும் கயிற்றோடு. உருட்ட வேண்டாம், கை கரியாக இருந்தாலும் காம்பைப் பிடித்துச் செருகலாம். தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். பிளக்கின் சிலிகான் அடுக்குகள் விறைத்துப்போனால் மாற்றிவிட வேண்டும். மஃப் வசதிதான், ஆனால் பாதுகாப்புக் கண்ணாடியின் காம்பு அதன் மெத்தையைத் தூக்கிவிடுகிறது, அந்த இடுக்கு வழியே சத்தம் புகுந்துவிடும். ரொம்பக் கடுமையான வேலைக்குப் பிளக்கின் மேல் மஃபும் போடுவேன். இரண்டு எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், அதிகமாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான்.

எங்கள் பட்டறை மேஸ்திரியிடம் எது சொன்னாலும், "என்ன தம்பி, என்ன சொன்னே?" என்று இரண்டு முறை கேட்பார். குரல் அவருக்குக் கேட்கிறது, சொல்தான் பிடிபடுவதில்லை. சத்தம் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகளை. ச, த போன்ற மெல்லிய ஒலிகள் மங்க, பேச்சு குழம்பிவிடுகிறது. உள்காதின் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. வேலை முடிந்து வெளியே வந்ததும் காது மந்தமாக இருந்தால், கொய்ங் என்று இரைந்தால், அன்றைக்குக் காது அளவுக்கு மீறி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி தண்ணீர். ஃபோம் பிளக் இங்கே உதவாது, நீரை உறிஞ்சி ஊறிவிடும். எனக்குப் பிடித்தது பிசைந்து ஒட்டும் சிலிகான் உருண்டை. இதைத் துளைக்குள் திணிக்கக் கூடாது. தட்டையாக்கி வாசலில் மூடி போல அழுத்த வேண்டும். காது காய்ந்திருக்கும்போதே போட்டால்தான் ஒட்டும், ஈரத்தில் நழுவிவிடும். முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டு, மேலே நீச்சல் தொப்பி போட்டால் சுவரை உதைத்துத் திரும்பும்போதும் அசைவதில்லை. பிசுபிசுப்பு போனதும் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

காதில் ஈரம் தங்கினால் தோல் ஊறி வெடிக்கும், அதில் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா குடியேறும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினால் உயிர்போகும் வலி வரும். இதைத் தடுக்க இயற்கை தந்தது குறும்பி. அதை அழுக்கென்று பட்ஸால் குடைந்து எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. தலையைச் சாய்த்து, மடலை இழுத்து, நீரை வடியவிட்டாலே போதும்.

ஆழத்தில் முங்குபவர்கள் எந்த அடைப்பானும் போடக் கூடாது. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும், பிளக்குக்கும் செவிப்பறைக்கும் நடுவில் சிக்கிய காற்றைச் சமன்செய்ய வழியில்லை. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள், காதில் டியூப் வைத்தவர்கள் காது மருத்துவரைப் பார்த்து அளவெடுத்துச் செய்த பிளக் வாங்குவது நல்லது. அவர்கள் காது உலர்த்தும் சொட்டு மருந்தைத் தாங்களாக விட்டுக்கொள்ளவே கூடாது.