எந்த விமானத்தையும் தானாகத் தரையிறக்கும் ஆட்-ஆன்: காசு கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

"எந்த விமானம், எந்த ஓடுபாதை, எந்த வானிலை என்றாலும் ஒரே பட்டனில் லேண்டிங்" என்ற விளம்பரத்தோடு ஹோம் சிமுலேட்டருக்கு (வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளுக்கு) ஒரு ஆட்டோலேண்ட் ஆட்-ஆன், அதாவது தானாகத் தரையிறக்கும் துணை மென்பொருள், விற்றுக்கொண்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அது விமானத்தைத் தரையிறக்குவதே இல்லை. கடைசி நூறடியில் சிமுலேட்டரின் இயற்பியலை நிறுத்தி வைத்துவிட்டு, விமானத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓடுபாதையில் வைக்கிறது. பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே சரக்கு வேறு பெயரில், வேறு லோகோவில் உலவுவதையும் பார்த்துவிட்டேன். அடையாளத்தைச் சொல்கிறேன், நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு சின்ன விஷயம். சின்ன செஸ்னா ஒன்று அழகாக இறங்கி நின்றது. டாக்ஸி செய்யலாம் (தரையில் ஓட்டிப் போகலாம்) என்று த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலை, தள்ளினால் நகரவில்லை. பார்க்கிங் பிரேக் இல்லை, எரிபொருள் இருக்கிறது, இன்ஜின் முழு சத்தத்தில் கத்துகிறது, விமானம் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. ஆட்-ஆனை மூடிய பிறகும் அதே கதை. சிமுலேட்டரையே மூடித் திறந்த பிறகுதான் விடிவு.

அடுத்த முறை வேண்டுமென்றே கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது) செய்து பார்த்தேன். அசல் ஆட்டோலேண்டில் ஓடுபாதை தெரியவில்லை, ஏதோ சரியில்லை என்றால் டோகா (கோ-அரவுண்ட்) பட்டனை அழுத்தினால், சில விமானங்களில் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினால் போதும். இன்ஜின் சீறும், மூக்கு மேலே எழும், விமானம் ஏறத் தொடங்கும். இங்கே எண்பது அடி உயரத்தில் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, ஜாய்ஸ்டிக்கை வயிறுவரை இழுத்தேன். இன்ஜின் சுற்று ஏறியது. வெளிப்பார்வைக்கு மாற்றிப் பார்த்தால் வாலில் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் மடிப்பு) முழுசாக மேல்நோக்கி மடங்கி நிற்கிறது. மூக்கு ஒரு டிகிரிகூட அசையவில்லை. முழு பவரில், முழு எலிவேட்டரோடு, அதே சாய்வில், அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு வந்து ஓடுபாதையில் உட்கார்ந்தது. பறக்கிற எந்தப் பொருளும் அப்படி நடந்துகொள்ளாது.

அதற்குப் பிறகு காற்று. குறுக்குக் காற்றில் வரும் விமானம் ஓடுபாதைக்கு நேராக மூக்கை வைத்துக்கொண்டு வர முடியாது. காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி, நண்டு நடையில்தான் வரவேண்டும். 140 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்தில் வரும் ஜெட்டுக்கு 30 நாட் குறுக்குக் காற்று என்றால் அந்தக் கோணம் ஏறத்தாழ 12 டிகிரி. செஸ்னா மாதிரி 70 நாட்டில் வரும் சின்ன விமானத்துக்கு 20 நாட் அடித்தால் 16, 17 டிகிரி. கண்ணை மூடிக்கொண்டாலும் தவறவிட முடியாத அளவு அது. சிமுலேட்டரில் காற்றை 35 நாட்டுக்கு ஏற்றி, பக்கவாட்டிலிருந்து அடிக்கவிட்டேன். நூறடிக்கு மேலே எல்லாம் முறைப்படி: மூக்கு கோணலாக, இறக்கைகள் தள்ளாடிக்கொண்டு. நூறைத் தொட்டதும் படக்கென்று மூக்கு நேரானது, தள்ளாட்டம் நின்றது. காற்று அம்புக்குறி மட்டும் இன்னும் 35 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அசல் ஏ320இல் தானியங்கி இறக்கத்துக்குக் குறுக்குக் காற்று வரம்பே 20 நாட்தான் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையை மாற்றினேன், எரிபொருளைக் குறைத்தேன், ஃப்ளாப்ஸ் (மெதுவாக இறங்க இறக்கையில் விரிக்கும் மடிப்பு) இல்லாமல் வந்தேன். தரையைத் தொடும்போது கீழே இறங்கும் வேகம் ஒவ்வொரு முறையும் நிமிடத்துக்கு 120 அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெயர்தான் சிமுலேட்டர், நடப்பது அச்சடித்த லேண்டிங்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வழி சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் சிம்கனெக்ட் இன்ஸ்பெக்டர் என்று ஒன்று கிடைக்கும். வெளியிலிருந்து எந்த மென்பொருள் சிமுலேட்டரோடு பேசுகிறது, என்ன கட்டளை அனுப்புகிறது என்பதை அது வரிசையாகக் காட்டும். நியாயமான ஆட்டோலேண்ட் என்றால் எலிவேட்டர், எய்லரான் (இறக்கையைச் சாய்ப்பது), ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்புவது), த்ராட்டில் ஆகியவற்றுக்கான மதிப்புகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். இந்த ஆட்-ஆன் நூறடியில் அனுப்பியது மூன்றே கட்டளை: உயரத்தை ஃப்ரீஸ் செய், இருப்பிடத்தை ஃப்ரீஸ் செய், விமானத்தின் சாய்வை ஃப்ரீஸ் செய். அதன் பிறகு விமானம் எங்கே இருக்க வேண்டும் என்று இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே போகிறது. இந்த ஃப்ரீஸ் கட்டளைகள் இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ரீப்ளே ஓட்டவும், இரண்டு பேர் ஒரே காக்பிட்டைப் பகிர்ந்துகொள்ளவும் அவை தேவை. அதைத் தரையிறக்கம் என்று சொல்லி விற்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தரையில் நகராமல் நின்ற செஸ்னாவின் மர்மமும் இதுதான்: ஃப்ரீஸை எடுக்க மறந்திருக்கிறார்கள்.

"விளையாட்டுத்தானே, இறங்கினால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. ஆட்டோலேண்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர் பார்க்க விரும்புவதே அந்தக் கடைசி ஐந்தாறு விநாடியைத்தான். அதற்கு மேலே நடப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஓடுபாதையிலிருந்து ரேடியோ அலையால் வழிகாட்டும் ஐஎல்எஸ்ஸின் லோக்கலைசர் இடம் வலம் சொல்கிறது, க்ளைட்ஸ்லோப் பெரும்பாலும் 3 டிகிரி சரிவில் மேல் கீழ் சொல்கிறது. 140 நாட் தரை வேகத்தில் அந்தச் சரிவில் வந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 740 அடி இறங்குகிறீர்கள். அதே வேகத்தில் தரையைத் தொட்டால் சக்கரம் தாங்காது. அதனால் ஐம்பது அடி வாக்கில் க்ளைட்ஸ்லோப்பைக் கைவிட்டு, தரைக்கு ரேடியோ அலை அனுப்பி உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர் சொல்வதை வைத்துக்கொண்டு மூக்கை மெல்லத் தூக்க வேண்டும், த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். இதுதான் ஃப்ளேர். பயணிகளோடு வந்த ஒரு விமானத்தில் இதை முதன்முதலாக இயந்திரம் செய்தது 1965 ஜூன் 10 அன்று, லண்டன் ஹீத்ரோவில், ட்ரைடன்ட் விமானத்தில். அந்த இடத்துக்கு வந்து சேரப் பொறியாளர்களுக்கு இருபது வருடம் ஆனது.

ரேடியோ ஆல்டிமீட்டர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் அருகே விழுந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 737-800 போதும். விமானம் இரண்டாயிரம் அடி வாக்கில் இருந்தபோது இடப்பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் மைனஸ் 8 அடி என்று காட்டியது. இறங்கியாயிற்று என்று எடுத்துக்கொண்ட ஆட்டோத்ராட்டில் (த்ராட்டிலைத் தானாக நகர்த்தும் கருவி) இன்ஜின்களை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த விசைக்கு, இழுத்துவிட்டது. வேகம் கரைந்துகொண்டே போனதை உரிய நேரத்தில் யாரும் பிடிக்கவில்லை. 9 பேர் இறந்தார்கள். சிமுலேட்டரில் உட்கார்ந்து இந்த மாதிரிச் சங்கதிகளைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, அந்தக் கட்டத்தையே வெட்டி எறிந்துவிட்டுக் கொடுத்தால் என்ன மிச்சம்?

விளம்பர வீடியோவைப் பிறகு நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூடுபனியில் ஒரு ஏர்பஸ் இறங்குகிறது, பிரமாதமாக இருக்கிறது. விமானத்தின் திரையில் மேல்வரியைப் பாருங்கள், தானியங்கி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அது காட்டும்: கேட் 3 டூயல், லேண்ட், பிறகு ஃப்ளேர், பிறகு ரோல் அவுட். அது அந்த விமான மாடலின் சொந்த ஆட்டோலேண்ட்! ஆட்-ஆனின் சின்னப் பெட்டி ஓரத்தில் பச்சை விளக்கோடு சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. ஊரான் வீட்டுப் பிள்ளையைக் காட்டி வாங்கிய பெயர். வெளிப்பார்வை ஒரு நொடிகூடக் கிடையாது. குறுக்குக் காற்றும் கிடையாது. செஸ்னாவில் இறங்கும் காட்சி வருகிற இடத்தில் மட்டும் வீடியோ வெட்டப்பட்டு, அடுத்த ஷாட்டில் விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எந்த ஓடுபாதையும்" என்ற பேச்சுக்கு ஒரு உதாரணம். அவர்கள் பட்டியலில் பெருமையாகப் போட்டிருந்தது ஹாங்காங்கின் பழைய காய் டாக், ஓடுபாதை 13. சிமுலேட்டர் ஆட்கள் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: கருவிகள் உங்களைச் சதுரக் கட்டம் வரைந்த செக்கர்போர்டு மலையை நோக்கித்தான் கொண்டு வரும், கடைசியில் 47 டிகிரி வலப்பக்கத் திருப்பத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் போட வேண்டும். 1998இல் மூடும்வரை அப்படித்தான் இறக்கினார்கள். இந்த ஆட்-ஆன் என்ன செய்தது தெரியுமா? மலையை நோக்கி நேராகப் போனது. வாங்கிய பிறகு கைக்கு வரும் பிடிஎஃப் கையேட்டின் உள்ளே, பொடி எழுத்தில், "நேரான ஐஎல்எஸ் உள்ள, சிமுலேட்டரோடு வரும் விமான நிலையங்கள் மட்டும்" என்று இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் அந்த வரி இல்லை. தனியாக விமான நிலைய சீனரி (நிலையத்தின் கூடுதல் காட்சித் தொகுப்பு) போட்டு ஓடுபாதையின் இடமோ உயரமோ மாறியிருந்தால், சக்கரம் தரைக்குள் புதைவதையும் அந்தரத்தில் நிற்பதையும் பார்க்கலாம். இழுத்து வைக்கிற இடத்தைப் பழைய தரவிலிருந்து எடுக்கிறது, வேறென்ன.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். முதல் பதில்: உங்கள் ஜாய்ஸ்டிக்கின் டெட்ஸோனை (சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத அளவை) கூட்டுங்கள். இன்ஸ்பெக்டர் பதிவைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டாவது பதில்: உங்கள் கணினியில் ஃப்ரேம் ரேட் போதவில்லை. ஃப்ரீஸ் கட்டளையை யார் அனுப்புகிறார்கள் என்று நேராகக் கேட்டதும், அது "தரையிறக்க நிலைப்படுத்தும் தொழில்நுட்பம்" ஆகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, டிஜிட்டல் பொருள், கீ ஆக்டிவேட் ஆகிவிட்டது, ரீஃபண்ட் இல்லை என்று கை கழுவினார்கள். ஆக்டிவேட் செய்யாமல் திறக்கவே முடியாத பொருளில் எந்த இடத்தில்தான் ரீஃபண்ட் கேட்பது? அதற்கும் மேலே, இப்போதைய சிமுலேட்டர் அப்டேட்டுக்குப் பிறகு இது வேலை செய்யாது, புதிய பதிப்பைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெயில்.

இன்ஸ்டாலர் விவகாரம் தனி. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி கேட்டது, ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. நிறுத்தாதீர்கள். எவ்வளவு பெயர்பெற்றவர் கொடுத்தாலும் நிறுத்தாதீர்கள். 2018இல் ஒரு பிரபலமான விமான மாடலின் இன்ஸ்டாலருக்குள், குரோம் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுக்கும் கருவி இருந்தது அம்பலமானது. திருட்டு நகல் வைத்திருந்தவரைப் பிடிக்கப் போட்டோம் என்று தயாரித்தவர்களே விளக்கம் சொன்னார்கள். அது இருந்த இன்ஸ்டாலர் காசு கொடுத்து வாங்கியவர்களின் கணினியிலும்தான் ஓடியது.

நான் சொல்லும் ஆட்-ஆனில் அப்படி எதையும் காணவில்லை. ஆனால் அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அது சிமுலேட்டரோடு சேர்ந்து எழுந்துகொண்டே இருந்தது. காரணம் எக்ஸ்இ.எக்ஸ்எம்எல் என்ற கோப்பு. சிமுலேட்டர் தொடங்கும்போது கூடவே எந்தெந்த மென்பொருள் ஓட வேண்டும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கும். ஸ்டீம் பதிப்பு என்றால் ஆப்டேட்டா, ரோமிங் வழியாகச் சிமுலேட்டரின் பெயரில் உள்ள ஃபோல்டரில் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பு என்றால் பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் லோக்கல்கேஷ். இவர்கள் அந்தப் பட்டியலில் தங்கள் வரியைச் சேர்க்கவில்லை. பட்டியலையே தங்கள் பட்டியலால் மாற்றி எழுதிவிட்டார்கள். முன்பே இருந்த மற்ற ஆட்-ஆன்கள் எல்லாம் எழாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. எதை நிறுவுவதாக இருந்தாலும் அந்தக் கோப்பை முதலில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.

நிஜமான ஆட்டோலேண்ட் வேண்டுமென்றால் அது விமான மாடலோடு சேர்ந்தே வரவேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் இலவசம். எக்ஸ்-பிளேனில் ஸீபோவின் 737-800 இலவசம். இரண்டும் எலிவேட்டரை அசைத்துத்தான் இறங்குகின்றன. காற்றை ஏற்றினால் திணறுகின்றன, சில நேரம் தடாலென்று விழுகின்றன. அந்தத் தடால்தான் எனக்கு வேண்டும். சின்ன விமானத்தில் ஆட்டோலேண்டே கிடையாது என்றும் சொல்ல மாட்டேன்: கார்மினின் அவசரகால ஆட்டோலேண்ட் 2020இல் பைப்பர் எம்600இல் சான்றிதழ் பெற்றது. ஆனால் அது பைலட் மயங்கிவிட்டால் பயணி அழுத்துவதற்கு, அந்த விமானத்துக்கென்றே சோதித்து அமைத்தது. உலகத்திலுள்ள எல்லா விமானத்துக்கும் பொருந்தும் ஒற்றை எக்ஸ்இ கோப்பு அல்ல.

இதே மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், வாங்குமுன் விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். குறுக்குக் காற்றில், வால் தெரியும்படி, வெட்டாத ஒரு வீடியோ இருக்கிறதா? ஐம்பது அடியில் கோ-அரவுண்ட் செய்ய முடியுமா? என் கேள்விகளுக்குப் பதிலாக வந்தது ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விற்பனைப் பக்கத்தையும் கையேட்டின் அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தையும் உடனே படமெடுத்து வையுங்கள். என் புகாருக்குப் பிறகு விற்பனைப் பக்கத்தில் "எந்த ஓடுபாதையும்" என்பது "பெரும்பாலான ஓடுபாதைகள்" என்று மாறிவிட்டது. கார்டு கொடுத்த வங்கியில், விளம்பரப்படி பொருள் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி, இந்தப் படங்களையும் இன்ஸ்பெக்டர் பதிவையும் இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். விற்றவரின் விளக்கத்துக்காக வங்கி காத்திருக்கிறது.