மூடுபனியில் ஒரு அரேஞ்சர் கீபோர்டு: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்து ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி, உள்ளே இருக்கிற ரப்பர் பட்டைகளைத் துடைத்து, மறுபடி மூடி, இப்போதுதான் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். வாசித்துப் பார்த்தாயிற்று. எல்லா கீயும் ஒழுங்காகப் பேசுகிறது. இந்த நிம்மதி ஐப்பசி மழை வரைக்கும்தான் என்பது எனக்குத் தெரியும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்லப் போகிற குறை இந்த விலையில் வருகிற பெரும்பாலான கீபோர்டுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் இழுத்து வைத்துத் திட்டுவது நியாயமில்லை. 61 கீ, டச் (விரல் மெல்லத் தொட்டால் மெல்ல, ஓங்கினால் ஓங்கி ஒலிப்பது) உண்டு, ஸ்வரத்தை வளைக்கிற பிட்ச் பெண்ட் வீல் உண்டு, அடாப்டரிலும் பேட்டரியிலும் ஓடும், ஒரு ஆள் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட் படிக்கட்டு ஏறலாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்களுடையது குன்னூரில் ஒரு சின்ன மெல்லிசைக் குழு. இரண்டு பேர் பாடுவார்கள், நான் கீபோர்டு, தோதுப்பட்டால் தபலாவுக்கு ஒருவர். டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்று ஆள் சேர்த்தால் சம்பளமும் ஜீப் வாடகையும் கட்டுப்படியாகாது. அதனால்தான் அரேஞ்சர். இடது கையில் கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் பேஸும் டிரம்ஸும் கிட்டாரும் அதுவே கூட வரும். இன்ட்ரோ, வேரியேஷன், ஃபில், எண்டிங் எல்லாம் பட்டனில். வலது கை பாட்டுக்கு.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. கோத்தகிரியில் சர்ச்சில் வாசிக்கிற ஒரு தம்பி போன் பண்ணி, "அண்ணா, எல்லாரும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 தான் வெச்சிருக்காங்க, அதையே வாங்கிடட்டுமா?" என்று கேட்டான். அது நல்ல கருவிதான். நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்களில் அது இல்லாத மேடை குறைவு. ஆனால் அது சிந்தசைசர். இடது கையில் கார்டு பிடித்தால் கூடவே வாசிக்கிற பின்னணி அதில் கிடையாது. ஆக்டாபேடுக்கு (குச்சியால் தட்டுகிற எலக்ட்ரானிக் டிரம்ஸ்) ஒருவர், பேஸுக்கு ஒருவர் என்று குழு இருந்தால் அதை வாங்கலாம். தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ போய் மேடையை நிரப்ப வேண்டும் என்றால் அரேஞ்சர்தான். கடையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், பார்க்க ஒன்றுபோல இருக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

என் கீபோர்டு எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாவம். படுகர் கல்யாணங்களில் வட்டமாக நின்று ஆடுவார்கள். பாட்டு முடிந்தாலும் ஆட்டம் முடியாது. பெரியவர்கள் உள்ளே வருவார்கள், இளசுகள் சேர்வார்கள், வட்டம் பெரிதாகும், காலடி ஒரே சீராக விழுந்துகொண்டே இருக்கும். ஆள் வாசிக்கிற டிரம்ஸ் என்றால் கொஞ்ச நேரத்தில் வேகம் ஏறிவிடும். இங்கே ஸ்டைலை, அதாவது கீபோர்டே வாசிக்கிற பின்னணித் தாளக்கட்டை, ஓடவிட்டு, டேப் டெம்போ பட்டனை ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத் தட்டுவேன். ரிதம் அவர்கள் காலோடு போய் உட்காரும். அப்படியே வலது கையில் புல்லாங்குழல் டோனை எடுத்து ஒரு சின்ன மெட்டை வாசித்தால், வட்டத்துக்கு உள்ளேயிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்த நேரத்தில் இதற்குக் கொடுத்த பணம் பைசா பைசாவாகத் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று பைலா, இலங்கையின் ஆட்டப் பாட்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக உருவானவை டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டங்கள். அந்த லைன் வீடுகளில் நடக்கிற கோயில் விழாக்களில் யாராவது ஒரு தாத்தா கண்டிப்பாக பைலா கேட்பார். அது ஆறு எட்டுத் தாளம். நம் குத்தும் பெரும்பாலும் அதே கணக்குதான், ஆனால் அடி விழுகிற இடம் வேறு. கம்பெனி கொடுத்த ஸ்டைல்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு நடன மேடைக்கானவை, நமக்கு உதவாது. பென்டிரைவிலிருந்து ஸ்டைல் ஏற்றிக்கொள்ளும் வசதி இதில் இருந்ததால் பிழைத்தேன். வாங்குகிறவர்கள் ஸ்டைல் எண்ணிக்கையைப் பார்ப்பதை விட, வெளியிலிருந்து ஸ்டைல் ஏற்றலாமா என்று பாருங்கள். யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்600 போல விலை கூடியவற்றில் ஸ்டைலை நாமே உருவாக்கும் வசதியும் உண்டு. ஆனால் அது பேட்டரியில் ஓடாது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போகிற போக்குக்கு அது பெரிய விஷயம். ஒரு முறை பாட்டு நடுவில் மைக், லைட் எல்லாம் அணைந்து, என் கீபோர்டு மட்டும் தன் சின்ன ஸ்பீக்கரில் வாசித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் கைதட்டியே பாட்டை முடித்து வைத்தது.

டிரான்ஸ்போஸ் பட்டன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. பாடகி மேடையில் ஏறிய பிறகு "அண்ணா, இன்னிக்குத் தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்குங்க" என்றால் ஒரே தட்டு. நல்ல வேலை.

இனி குறை.

மழையும் பனியும் சேர்ந்த நாட்களில் சில கீகள் பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். மெதுவாகத்தான் தொட்டிருப்பேன், அது அலறும். அடுத்த முறை அதே கீ ஊமை. நடு ஸ்தாயியில் இரண்டு மூன்று கீ, அதாவது எந்நேரமும் விரல் புழங்குகிற இடத்திலேயே. ஒரு இரங்கல் கூட்டத்தில் பியானோ டோனில் மிக மெல்ல வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்வரம் மட்டும் ஓங்கி விழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

கோயம்புத்தூருக்குக் கொண்டு போனேன். பர்லியார் இறங்கி, கல்லாறு தாண்டி, மேட்டுப்பாளையம் வெக்கையில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சர்வீஸ் சென்டரில் கீபோர்டைப் போட்டு ஒவ்வொரு கீயாகத் தட்டினார்கள். எல்லாம் சரியாக வாசித்தது. நானே தட்டிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. "கம்ப்ளெய்ண்ட் எதுவும் இல்லையே சார்" என்றார் அங்கிருந்தவர். ஜாப் கார்டில் அப்படியே எழுதி, பார்த்ததற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். மேலே கொண்டு வந்து, இரண்டு நாள் பனியில் இருந்ததும் அதே கீ மறுபடி அலறியது. அடுத்த முறை போனபோதும் இதே கதை. "பனி இருக்கிற இடத்தில்தான் வரும், ஒரு நாள் ஈரத்தில் வைத்துப் பாருங்கள்" என்று சொன்னால், அதற்கு அவர்களிடம் படிவம் இல்லை. முழு கீ செட்டையும் மாற்றலாம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்குப் பழைய கீபோர்டு ஒன்றே வாங்கிவிடலாம்.

இது ஏன் இப்படி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி கிடைத்தது. ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. அதற்குள் இரண்டு கார்பன் பொட்டுகள். கீழே போர்டில் அவற்றுக்கு நேராக இரண்டு தொடுமுனைகள். கீயை அழுத்தும்போது ஒரு பொட்டு முதலில் தொடும், மற்றது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி கழித்துத் தொடும். அந்த இடைவெளியைத்தான் கீபோர்டு அளக்கிறது. இடைவெளி அதிகம் என்றால் மெல்லத் தொட்டிருக்கிறோம், குறைவு என்றால் ஓங்கி அடித்திருக்கிறோம். இதை 1 முதல் 127 வரையான ஒரு எண்ணாக மாற்றி அந்த அளவுக்குச் சத்தம் கொடுக்கிறது. முதல் முனையில் ஈரமும் தூசியும் படிந்து அது தாமதமாகப் பிடித்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட்டதாகக் கணக்காகிவிடும். மெல்லிய தொடுகை 127 ஆகிவிடும். ஒரு முனை பிடிக்கவே இல்லை என்றால் சத்தமே வராது. கோயம்புத்தூர் வெயிலில் ஈரம் காய்ந்துவிடுவதால் அங்கே ஒன்றும் தெரியாது. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிற ஊரில் இந்த ரப்பர் பட்டைக்கு என்ன மரியாதை?

துடைப்பதற்கு மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருக்கிற ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் போதும். பட்டையைப் போர்டிலிருந்து மெதுவாக உருவி, நூல் பிரியாத துணியை அதில் நனைத்து பொட்டுகளையும் தொடுமுனைகளையும் தொட்டு எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, கார்பன் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள், வேண்டவே வேண்டாம். அந்தப் பிசுபிசுப்பில் மேலும் தூசி ஒட்டும். கச்சேரி நடுவில் தொல்லை வந்தால் மெனுவில் டச்சை ஆஃப் செய்துவிடுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் விழும், உணர்ச்சி போய்விடும், ஆனால் அலறாது.

ராத்திரி ஜீப்பில் குளிர்ந்து வந்த கீபோர்டை ஆள் நிறைந்த மண்டபத்தில் உடனே பையிலிருந்து எடுக்காதீர்கள். குளிர்ந்த பொருளின் மேல் அந்த வெப்பக் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். பை மூடியபடியே அரை மணி நேரம் கிடக்கட்டும், ஈரம் பையின் மேலேயே நின்றுவிடும். வீட்டில் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிட்டு வைத்திருக்கிறேன். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள்.

சவுண்ட் சர்வீஸ்காரர்களோடு ஒரு சின்னத் தகராறும் இதில் உண்டு. என்னுடையதில் ஹெட்போன் துளைதான் அவுட்புட்டும். அவர்கள் மோனோ கேபிளைச் செருகினால் வலதுபக்கச் சானல் செத்துவிடும், அந்தப் பக்கம் இருக்கிற வாத்தியம் காணாமல் போகும். ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டாகப் பிரிகிற கேபிளை நானே கொண்டு போகிறேன். யமஹா பிஎஸ்ஆர்-இ473 போன்றவற்றில் இடது, வலது என்று தனித்தனி அவுட்புட் உண்டு. மேடைக்கு என்றே வாங்குகிறவர்கள் இதைப் பாருங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் நேராகக் கேட்டான்: "அண்ணா, உங்க கீபோர்டையே வாங்கலாமா, வேணாமா?" இவ்வளவு புகழ்ந்த பிறகும் என் பதில் "வேணாம்." இன்றைக்கு, ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கை வலியோடு, வேறு பதில் வரவில்லை. சமவெளியில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்பேன். மலைக்கு வேண்டாம். வேறெதை வாங்கினாலும், ஆயிரம் டோன் இருக்கிறதா என்று கேட்காதே, அடியைத் திருப்பிப் பார். ஸ்க்ரூவில் திறக்க முடிகிறதா, ரப்பர் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கேள். நான் என்னுடையதை விற்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

பழையது வாங்குவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கோயம்புத்தூரில் விற்பவர் வீட்டில் மத்தியானம் வாசித்துப் பார்த்து மொத்தப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடாதே. கொஞ்சம் அட்வான்ஸ் கொடு, மேலே கொண்டு வா, மழை பெய்கிற ஒரு ராத்திரி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் காலையில் டச்சை ஆன் செய்து, கீழ் ஸ்தாயியிலிருந்து 61 கீயையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டே போ. எல்லாம் ஒரே சீராக வந்தால் மீதியை அனுப்பு.