மைன்கிராஃப்ட்: கோதுமைக் கழனியின் கணக்கு

காட்பாடியில் எங்கள் வீட்டுக் கணினியில் மகனுக்காக வாங்கிய மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை, ஆறு மாதங்களாக அவனைவிட நானே அதிகம் ஆடிவருகிறேன். 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்த, கனசதுரக் கட்டங்களால் ஆன உலகம் கொண்ட இந்த விளையாட்டில் கோட்டை கட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும்தான் பலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்துப்போனது இதன் விளைச்சல் முறை.

நடுவில் ஒரு நீர்க்கட்டம் வைத்து, அதைச் சுற்றி ஒன்பதுக்கு ஒன்பதாக மண்ணைக் கொத்தி, மீதமுள்ள 80 கட்டங்களிலும் கோதுமை விதைத்தேன். ஒரு நீர்க்கட்டம் எல்லாப் பக்கமும் நான்கு கட்டம் வரை ஈரம் கொடுக்கும் என்பதால் தண்ணீருக்குக் குறையில்லை. தீப்பந்தங்கள் நட்டிருந்ததால் இரவிலும் வெளிச்சம் இருந்தது. அப்படியும் பயிர் மந்தமாகவே முற்றியது. அணைக்கட்டுப் பக்கம் இன்றும் கழனி பார்க்கிற அப்பா, வீட்டுக்கு வந்திருந்தபோது திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, மல்லாட்டைக்கு நடுவே துவரைச் சால் விடுவதுபோல இதிலும் ஊடுபயிர் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். ஒரு வரிசை கோதுமை, அடுத்த வரிசை கேரட் என்று மாற்றி நட்டேன். வேகம் கண்கூடாகக் கூடியது.

அதன் காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 16 கட்டங்கள் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும், நொடிக்கு 20 முறை, முறைக்கு மூன்று கட்டங்கள் குலுக்கலில் எடுக்கப்படுகின்றன. அந்தக் குலுக்கலில் வந்த பயிருக்கு மட்டுமே வளர வாய்ப்பு உண்டு. சுற்றிலும் ஈரமண் இருந்து, எட்டுத் திசையிலும் அதே பயிர் நின்றால் அந்த வாய்ப்பு ஆறில் ஒன்று. வரிசை மாற்றி நட்டால் மூன்றில் ஒன்று. கோதுமை முற்ற ஏழு படிகள் ஏற வேண்டும் என்பதால் இந்த வேறுபாடு படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகிறது. விளையாட்டு இதைத் திரையில் எங்கும் எழுதிக் காட்டுவதில்லை. நட்டுப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இந்தப் பொறுமையைக் கேட்பதையே இதன் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன்.

கரும்பும் அப்படியே. நீரையொட்டி நட்ட கரும்பு மூன்று கட்டம் உயரும். அடிக்கட்டையை விட்டு மேலே வெட்டினால், நம் ஊர் மறுதாம்புக் கரும்பைப் போல மீண்டும் தழைக்கும். மூன்றாம் கட்டம் முளைத்ததை, பக்கத்துக் கட்டத்தின் மாற்றத்தை உணரும் அப்சர்வர் என்ற கருவி கண்டு, கட்டங்களைத் தள்ளும் பிஸ்டன் என்ற கருவியை இயக்கி, இரண்டாம் கட்டத்தை உடைக்கும்படி அமைத்துவிட்டால் அறுவடைக்கு ஆளே வேண்டாம். ஆனால் அந்த இடத்தை விட்டு வெகுதூரம் போய்விட்டால் வளர்ச்சி நின்றுவிடும்.

இரும்புக்கு, விளையாட்டின் கிராமவாசிகளைக் காக்கத் தோன்றும் அயர்ன் கோலெம் என்ற இரும்பு உருவத்தை வைத்து அமைக்கும் பண்ணை உண்டு. ஒரு கோலெம் செத்து விழுந்தால் மூன்று முதல் ஐந்து இரும்புக் கட்டிகள் கிடைக்கும். ஜாவா பதிப்பில் மூன்று கிராமவாசிகளும் அவர்களை அச்சுறுத்த ஒரு ஜாம்பியும் (நடமாடும் பிணம்) போதும், அவர்கள் இடையிடையே தூங்கவும் வழி இருக்க வேண்டும். கைப்பேசியில் ஆடும் பெட்ராக் பதிப்பிலோ பத்துக் கிராமவாசிகளும் 20 படுக்கைகளும் தேவை. ஆகவே, பிறர் கட்டிய பண்ணையைப் பார்த்துக் கட்டுகிறவர்கள் அது எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.