ஆர்ஓ-ல தண்ணி கம்மியா வருதா: ஸ்பன்னா, பம்பா, மெம்பரேனா?

எங்க வீடு மேடவாக்கம் பக்கம், போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) மீட்டர வெச்சா 1400 காட்டும். போன மாசம் திடீர்னு ஆர்ஓ டேங்க் நெறையவே மாட்டேங்குது, ராத்திரி பூரா ஓடியும் காலைல பாதிதான் இருக்கு. மெக்கானிக் வந்தாரு, மூடியக்கூட கழட்டல, "சார், மெம்பரேன் போச்சு"ன்னாரு, அதாவது உப்ப வடிகட்டுற மெயின் ஃபில்டர். சரின்னு மாத்தி காசும் குடுத்தாச்சு, மறுநாளே பழைய கதை.

அப்புறம்தான் நானே உக்காந்து பாத்தேன். முதல்ல பாக்க வேண்டியது வேஸ்ட் தண்ணி வர்ற ரிஜெக்ட் ட்யூப், ஆனா அத யாரும் பாக்குறதில்ல. நல்ல தண்ணி, ரிஜெக்ட் ரெண்டுமே நூலா வந்தா பிரச்சனை மெம்பரேனுக்கு முன்னாடி, அதாவது ஸ்பன் (மண்ணு தூசிய பிடிக்கிற முதல் ஃபில்டர்), இல்லன்னா தண்ணிய ப்ரெஷரா தள்ளுற பம்ப். ரிஜெக்ட் ஜோரா வருது நல்ல தண்ணி மட்டும் சொட்டுதுன்னா அப்ப மெம்பரேன் மேல சந்தேகப்படலாம்.

எனக்கு ரெண்டுமே நூல். வெளிய மாட்டியிருக்குற ப்ரீ ஃபில்டர் பவுல கழட்டினா உள்ள ஸ்பன் டீ டிகாஷன் கலர்ல, கைய வெச்சா கொழகொழன்னு சேறு. அதுக்கு முந்தின வாரம்தான் சம்ப் கழுவினோம், அந்த மண்ணு அத்தனையும் இங்க வந்து உக்காந்திருக்கு! ஸ்பன்தான் இருக்குறதுலயே மலிவு, பத்து நிமிஷ வேலை, பவுல் ஸ்பேனர் இருந்தா போதும், ஓ ரிங் மட்டும் சரியா உக்காந்திருக்கான்னு பாத்துக்கணும், இல்லன்னா ராத்திரி கிச்சன்ல குளம்.

புது ஸ்பன் போட்டும் ரெண்டு ட்யூப்லயும் நூலாத்தான் வருதுன்னா உள்ள இருக்குற செடிமென்ட், கார்பன் ஃபில்டர பாருங்க, அதுவும் சரின்னா பம்ப். ஆனா பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ்ஸ (பம்புக்கு கரண்ட் குடுக்குற அடாப்டர்) செக் பண்ணுங்க, மல்டிமீட்டர்ல 24 வோல்ட் வரணும், அது இறங்கிப்போனா பம்ப் நல்லாவே இருந்தாலும் ப்ரெஷர் ஏறாது. எஸ்எம்பிஎஸ் பம்ப விட மலிவுதான்.

மெம்பரேன்தான் காஸ்ட்லி, அதனால கடைசி. உள்ள போறது 1400-ன்னா வெளிய வர்றது நூத்துச் சொச்சத்துக்குள்ள இருக்கணும் (டிடிஎஸ் கன்ட்ரோலர், அதாவது மெம்பரேன் வழியா போகாத தண்ணியையும் கொஞ்சம் கலந்து விடுற வால்வு இருந்தா, அத மூடிட்டு பாருங்க). தண்ணியும் கம்மி டிடிஎஸ்ஸும் எகிறிடுச்சுன்னா மாத்திடலாம். ஒண்ணு மட்டும், ரிஜெக்ட் அளவுக்கு மீறி பீச்சி அடிச்சா அது மெம்பரேன் இல்ல, எஃப்ஆர் (ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர்) போயிருக்கும். ரிஜெக்ட்ட இழுத்துப் பிடிக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு அது, அது தேஞ்சா உள்ள ப்ரெஷரே நிக்காது, பாக்குறதுக்கு மெம்பரேன் அடைச்ச மாதிரியே இருக்கும். அத மாத்த ஆகுற காசு மெம்பரேன் விலையில ஒரு மூலைக்குக்கூட காணாது.

சிட்ரிக் ஆசிட்ல மெம்பரேன கழுவலாமான்னு கேப்பீங்க. சுண்ணாம்பு உப்பு படிஞ்சிருந்தா கொஞ்சம் மீளும், ரெண்டு மூணு வருஷம் ஓடின மெம்பரேனுக்கு அந்த மெனக்கெடல் வேண்டாம்னு சொல்வேன். ஏஎம்சி (வருஷ பராமரிப்பு கான்ட்ராக்ட்) போடலாமான்னா வயசானவங்க தனியா இருக்குற வீட்டுக்கு சரி, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச ஆள் வீட்ல இருந்தா தேவையில்ல.

இன்னொரு விஷயம், 75 ஜிபிடி (ஒரு நாளைக்கு இத்தன கேலன்) மெம்பரேன்னா கணக்குப்படி ஒரு நாளைக்கு 284 லிட்டர், அதாவது லிட்டருக்கு 5 நிமிஷம். அது டிடிஎஸ் கம்மியா இருக்குற தண்ணில டெஸ்ட் பண்ணின கணக்கு. டிடிஎஸ் ஏற ஏற மெம்பரேன் வழியா தள்ள இன்னும் ப்ரெஷர் வேணும், தண்ணி சில்லுன்னு இருந்தாலும் கம்மியாத்தான் வரும், மார்கழில அத பாத்து பயப்படாதீங்க. ஸ்பன் மாத்தினப்புறம் எங்க வீட்ல லிட்டருக்கு ஆறரை நிமிஷம், தேதியோட மார்க்கர்ல பெட்டி சைடுலயே எழுதி வெச்சிருக்கேன். அது பத்து நிமிஷத்த தாண்டினா முதல்ல பவுல கழட்டுவேன், மெக்கானிக்குக்கு போன் அப்புறம்தான்.